கொரியா மீன்பிடி ஒப்பந்தத்தில் 209 மணித்தியாலம், அமெரிக்கா "மீன்பிடி – வேட்டை" வேலை: சம்பளக் கணக்கு எப்படி?

லிந்துலை_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஈபிஎஸ் (கொரிய அரசு வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்கிற திட்டம்) சோதனை பாஸ் பண்ணி, கொரியாவில மீன்பிடித் துறைக்கு ஈ-9 விசாவில ஒப்பந்தம் வந்திருக்கு. கையெழுத்து வைக்க முன்ன சம்பள விசயத்தைத் தெளிவாக்கிக்கணும். தாள்ல உள்ளது இவ்வளவுதான்: கரையோர மீன்பிடி, படகு 9.77 தொன், மாசத்துக்கு 209 மணித்தியாலம், சம்பளம் 2,156,880 வொன், வாரத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு. தங்குமிடம் முதலாளி தருவாரு, சம்பளத்துல கழிப்பாரு. எவ்வளவுன்னு எழுதல. படகுல வேலையாட்கள் மொத்தம் 3 பேர்.

அங்க இருக்கிற ஊர்ப் பொடியன்கள் "மீன்பிடிக்கு ஓவர்டைம் கிடையாது"ங்கிறாங்க. அப்படின்னா கூடுதலா செய்ற வேலையெல்லாம் சும்மாவா? புயல் நேரம் படகு கட்டிக் கிடந்தா சம்பளம் வெட்டுவாங்களா?

இன்னொன்னு. மாமா மகனுக்கு ஹட்டன்ல ஒரு புரோக்கர் "அமெரிக்கா, மீன்பிடி மற்றும் வேட்டைத் தொழிலாளர் விசா, மணிக்கு 25 டொலர்"னு ஒரு கடிதத்தைக் காட்டி 14 இலட்சம் கேக்கிறான். வேட்டைக்கெல்லாம் விசா குடுப்பாங்களா?

கொத்மலைக்காரன்:

தங்கச்சி, கொரியாவை முதலில் பார்ப்போம்.

2026-க்கு அங்கே குறைந்தபட்ச சம்பளம் மணிக்கு 10,320 வொன். 209-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 2,156,880 வரும். ஆக, தம்பிக்கு எழுதியிருப்பது சட்டம் விடுகிற ஆகக் குறைந்த தொகை. ஈ-9 ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், அதில் மோசடி ஒன்றும் இல்லை. ஜனவரி 1-ஆம் திகதி வீதம் கூடும்போது ஒப்பந்தத்தில் பழைய எண் இருந்தாலும் புதிய வீதம்தான் செல்லும். 2025-இல் 10,030 ஆக இருந்தது. பழைய ஒப்பந்தத்தைக் காட்டி அதே தொகையைக் கொடுக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், அதனால் ஜனவரி மாதச் சம்பளத் துண்டைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது 209. அவ்வளவும் கடலில் வேலை செய்கிற நேரம் இல்லை. வாரத்துக்கு 40 மணி வேலை, அதோடு சம்பளத்தோடு கூடிய ஓய்வு நாளுக்கு 8 மணி, மொத்தம் 48. மாதத்துக்குச் சராசரி 4.345 வாரம் என்று பெருக்கினால் 209 கிட்ட வரும். உண்மையில் உழைக்க வேண்டியது ஏறக்குறைய 174 மணித்தியாலம்தான். மீதி 35 ஓய்வுக்கான சம்பளம்.

"ஓவர்டைம் கிடையாது" என்பது பாதி உண்மை. கொரியாவின் தொழில் நியமச் சட்டம் 63-ஆம் பிரிவு விவசாயம், கால்நடை, மீன்பிடி மூன்றையும் வேலை நேரம், இடைவேளை, வார ஓய்வு ஆகிய விதிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும், படகில் அந்த அரை மடங்கு கிடையாது. ஆனால் 63-ஆம் பிரிவு குறைந்தபட்ச சம்பளச் சட்டத்தைத் தொடவில்லை. வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் 10,320 வந்தே ஆக வேண்டும். ஒரு மாதத்தில் 230 மணி வேலை செய்தால் 174-க்கு மேலே 56 மணி, அதற்கு 577,920 வொன் கூடுதலாகச் சேர வேண்டும். இதைத்தான் "மீன்பிடிக்கு இல்லை" என்று சொல்லி விழுங்குகிறார்கள்.

இரவு வேலை வேறு கதை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கான 50 சதவீத மேலதிகத்தை 63-ஆம் பிரிவு விலக்கவில்லை. ஆனால் அந்த மேலதிகம் 5 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தாது. தம்பியின் படகில் 3 பேர். விடியற்காலை 2 மணிக்கு வலை இழுத்தாலும் சாதாரண வீதம்தான்.

தொன் கணக்கையும் கவனியுங்கள். ஈ-9-இல் 20 தொன்னுக்குக் குறைந்த படகுகள்தான் வரும். 20-உம் அதற்கு மேலும் என்றால் கடலோடிகள் சட்டம், ஈ-10 விசா, அதற்கு சமுத்திர அமைச்சு தனியாக அறிவிக்கிற வேறு சம்பளம். 9.77 என்று எழுதிவிட்டுப் போனதும் பெரிய படகில் ஏற்றினால் அது ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள வேலை.

பண்டாரவளை_கணக்கு:

அண்ணன் சொன்ன 174 கணக்கு இந்த ஒப்பந்தத்துக்குச் சரி, காரணம் ஓய்வு நாள் "சம்பளத்தோடு" என்று இருக்கிறது. எல்லாருக்கும் அப்படி இருக்காது. வார ஓய்வு விதியே மீன்பிடிக்குக் கட்டாயம் இல்லாததால் நிறையப் பேருக்கு மாதம் இரண்டு நாள் லீவு, அதுவும் சம்பளம் இல்லாமல் என்று வரும். அப்போது எழுதியிருக்கிற மணித்தியாலம் முழுவதும் உழைக்கிற நேரம்.

226 மணித்தியாலம், 2,332,320 வொன் என்று ஒரு ஒப்பந்தம் வந்தால் ஆட்கள் சந்தோசப்படுகிறார்கள். அதுவும் 10,320 வீதம்தான். 209-காரர் 174 மணி உழைத்து 2,156,880 எடுக்கிறார், 226-காரர் 226 மணியும் உழைத்துத்தான் அந்தத் தொகையை எடுக்கிறார். மாதத் தொகையைப் பார்த்து ஒப்பந்தத்தை அளக்காதீர்கள். ஓய்வு நாள் பெட்டியில் சம்பளத்தோடா, இல்லாமலா என்று எங்கே அடையாளம் போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

பயிற்சிக் காலம் என்றும் ஒரு பெட்டி இருக்கும். முதல் 3 மாதம் 10 சதவீதம் குறைத்துக் கொடுக்கலாம் என்ற சலுகை சாதாரண கூலி வேலைகளுக்கு இல்லை. அங்கே ஏதும் எழுதியிருந்தால் கேளுங்கள்.

லிந்துலை_வாசகி:

ரொம்ப நன்றி அண்ணே, ஓய்வு பெட்டியில சம்பளத்தோடன்னுதான் டிக் இருக்கு. பயிற்சி பெட்டி வெறுமை. தங்குமிடத்துக்கு எவ்வளவு கழிக்கலாம்? மணித்தியாலத்தை முதலாளி இல்லைன்னு சொன்னா தம்பி எதைக் காட்டுறது? அவனுக்குக் கொரிய பாஷை சோதனைக்குப் படிச்ச அளவுதான்.

அப்புத்தளை_கடிதம்:

கழிவுக்கு 2017-இல் வந்த வழிகாட்டி ஒன்று இருக்கிறது. இடம் மட்டும் தந்தால், வீடு அல்லது அபார்ட்மென்ட் என்றால் வழமையான சம்பளத்தில் 15 சதவீதம் வரை, கொன்டேனர் மாதிரித் தற்காலிக இடம் என்றால் 8 சதவீதம் வரை. சாப்பாடும் சேர்த்துத் தந்தால் 20, தற்காலிக இடம் என்றால் 13. தம்பியின் சம்பளத்துக்கு 15 சதவீதம் என்பது 323,532 வொன், 8 சதவீதம் என்பது 172,550. வித்தியாசம் சின்னதில்லை. கொன்டேனரில் படுக்க வைத்துவிட்டு வீட்டு வீதத்தில் கழிப்பது அடிக்கடி நடக்கிற கூத்து. தம்பி எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் முன்கூட்டியே கழிக்கவும் கூடாது. அந்தச் சம்மதத் தாள் கொரிய மொழியிலும் அவனுக்கு விளங்குகிற மொழியிலும் இருக்க வேண்டும். போய் இறங்கிய அன்றைக்கு நீட்டுகிற தாள்களில் அதுவும் ஒன்றாக இருக்கும், அதில் தொகை வெறுமையாக இருந்தால் கையெழுத்து வைக்கக் கூடாது.

சம்பளத் துண்டில் இன்னொரு வரியையும் பார்க்கச் சொல்லுங்கள். புறப்பாட்டு உத்தரவாதக் காப்புறுதி என்று மாதச் சம்பளத்தில் 8.3 சதவீதம், ஏறக்குறைய 179,000 வொன், முதலாளி கட்ட வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணம் இதிலிருந்துதான் வருகிறது. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழித்தால் தப்பு. திரும்பும் செலவுக் காப்புறுதியும் விபத்துக் காப்புறுதியும் தொழிலாளி கட்டுவது, அவை கழிந்தால் சரி. ஒரே முதலாளியிடம் ஒரு வருடம் முடியாமல் விலகினால் அந்த 8.3 முதலாளிக்கே திரும்பிப் போய்விடும். பதினோராம் மாதத்தில் கோபத்தில் இறங்கிப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மணித்தியாலத்துக்குச் சாட்சி. மீன்பிடிப் படகில் நேர அட்டை அடிக்கிற இயந்திரம் இருக்காது. ஆனால் கொரியப் படகுகள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கரையோரக் காவல் படைக்குப் பதிவாகும். சின்னப் படகுகளில் வி-பாஸ் என்ற கருவி அதைத் தானாகவே அனுப்பும். தம்பி ஒரு சின்னக் கொப்பியில் திகதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், கரையில் வலை தைத்த நேரம், பெட்டி இறக்கிய நேரம் என்று தமிழிலேயே எழுதட்டும். எழுதுகிற மொழி முக்கியம் இல்லை, அன்றன்றைக்கே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு போனால் அதிகாரி அந்தக் கொப்பியைப் படகின் போக்குவரவுப் பதிவோடு ஒத்துப் பார்க்கலாம். கரை வேலையும் வேலை நேரம்தான், பெரும்பாலும் விடுபடுவது அதுதான். துறைமுகத்தில் நிற்கும்போது இடம் பதிகிற படம் ஒன்று போனில் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

புயலுக்குப் படகு கட்டிக் கிடப்பது: முதலாளியின் காரணத்தால் வேலை நின்றால் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் என்ற விதி இருக்கிறது, ஆனால் அதுவும் 5 பேருக்குக் குறைந்த இடத்துக்கு இல்லை, காற்று மழையை முதலாளியின் காரணம் என்று சொல்வதும் கஷ்டம். தம்பிக்குக் கை கொடுக்கக்கூடியது அவனுடைய ஒப்பந்தம்தான். மாதச் சம்பளம், 209 மணி என்று எழுதியிருக்கிறது, நாள் கணக்கில் கூலி என்று இல்லை. கட்டிக் கிடந்த நாட்களை வெட்டினால் "எந்த வரியின்படி?" என்று கேட்கலாம். கட்டிக் கிடக்கிற நாளில் பெரும்பாலும் வலை தைக்க விடுவார்கள், அதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

சம்பளம் தராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 3 வருடத்துக்குள் முறைப்பாடு கொடுக்கலாம். 1350 தொழில் அமைச்சின் இலக்கம், 1577-0071 வெளிநாட்டுத் தொழிலாளர் ஆலோசனை நிலையம், பல மொழியில் பேசுவார்கள். குறைந்தபட்ச சம்பளத்துக்குக் கீழே கொடுப்பதும் சம்பள நிலுவை வைப்பதும் வேலையிடம் மாறுவதற்குக் காரணமாக ஏற்கப்படும், 3 வருடத்தில் 3 தடவை என்ற எண்ணிக்கையிலும் சேராது. ஆனால் முதலில் முறைப்பாடு, பிறகு மாற்றம். சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனால் முதலாளி "ஓடிவிட்டான்" என்று அறிவிப்பான், அதற்குப் பிறகு விசாவையும் காப்பாற்ற வேண்டும், சம்பளத்தையும் கேட்க வேண்டும்.

5 பேருக்குக் குறைந்த, கம்பனி இல்லாத தனியார் மீன்பிடித் தொழில் கொரியாவின் கட்டாய வேலை விபத்துக் காப்புறுதியில் இல்லை. (விவசாயம், காடு, மீன்பிடி, வேட்டை எல்லாம் அந்த விலக்கில் ஒரே வரியில் வருகின்றன.) அதனால் முதலாளி கையை விரித்தால் அரசு முன்பணமாகத் தரும் நிலுவைச் சம்பளமும் அவர்களுக்கு எட்டாது. மிஞ்சுவது முதலாளி எடுத்திருக்க வேண்டிய சம்பள உத்தரவாதக் காப்புறுதி, அதன் உச்சம் 4,000,000 வொன். இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை. ஆகவே மூன்று நான்கு மாதம் "பிறகு தருகிறேன்" என்பதைக் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. படகில் காயம் பட்டால் அதற்கு வேறு காப்புறுதி, மீன்பிடிப் படகுப் பணியாளர்களுக்கென்று மீன்பிடிக் கூட்டுறவு நடத்துவது. 3 தொன்னும் அதற்கு மேலும் என்றால் கட்டாயம். 9.77 அதற்குள் வரும்.

டிக்கோயா_டவுன்:

வேட்டை விசயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

"மீன்பிடி மற்றும் வேட்டைத் தொழிலாளர்" என்று அமெரிக்காவில் ஒரு விசாவும் இல்லை. அது தொழில் வகைப்பாட்டில் ஒரு குறியீட்டின் பெயர், 45-3031. முன்பு மீன்பிடிக்கு ஒன்று, வேட்டைக்கும் பொறி வைப்பதற்கும் ஒன்று என்று தனித்தனியாக இருந்ததை 2018 வகைப்பாட்டில் ஒன்றாக்கினார்கள். புரோக்கர் ஏதோ சம்பளப் பட்டியலில் இருந்து அந்தத் தலைப்பைக் கடிதத்தில் ஒட்டியிருக்கிறான்.

உண்மையான வழி எச்-2பி, பருவகால வேலைக்கான தற்காலிக விசா. வருடத்துக்கு மொத்தம் 66,000, அதை அரை வருடத்துக்கு 33,000 என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். முதலாளி முதலில் தொழில் திணைக்களத்திடம் அந்தப் பகுதியில் அந்தக் குறியீட்டுக்கு நடப்புச் சம்பளம் எவ்வளவு என்று தீர்மானம் வாங்க வேண்டும். பிறகு அந்த நடப்புச் சம்பளம், மத்திய அரசின் குறைந்தபட்சம், மாநிலத்தின் குறைந்தபட்சம், உள்ளூர்க் குறைந்தபட்சம் நான்கில் எது கூடவோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: மீன் பிடிக்கிற வேலைக்கு அமெரிக்க மத்திய குறைந்தபட்ச சம்பளமும் ஓவர்டைமும் சட்டப்படியே பொருந்தாது. மணிக்கு 7.25 டொலர், 2009-இலிருந்து மாறாதது, அதுகூட மீனவனுக்கு உரிமை இல்லை. ஆனால் எச்-2பி-இல் கூட்டிப் போகிற முதலாளி அந்த விலக்கைக் காட்டித் தப்ப முடியாது, தீர்மானித்த நடப்புச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பிடித்த அளவுக்குக் காசு என்று பேசினாலும் அந்த மணி வீதம்தான் அடிமட்டம். நம்ம தேயிலைத் தோட்டத்தில் நோம் கிலோ (ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து அளவு) எடுக்காவிட்டால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுகிற மாதிரி அங்கே செய்ய முடியாது, பிடி குறைந்தால் குறைந்த தொகையை முதலாளி நிரப்ப வேண்டும். வேலை நாட்களுக்கும் உத்தரவாதம் உண்டு: ஒவ்வொரு 12 வாரத்திலும் சொன்ன வேலையில் நான்கில் மூன்று பங்கு தர வேண்டும். வாரம் 35 மணி என்று சொன்னால் 12 வாரத்துக்கு 420, அதில் முக்கால் 315 மணி. 250 மணிதான் வேலை கிடைத்தது என்றாலும் 315-க்குச் சம்பளம். வேலை 120 நாளுக்குக் குறைவு என்றால் இதே கணக்கு 6 வாரத்துக்கு ஒரு தடவை.

14 இலட்சத்துக்கு வருவோம். எச்-2பி விதிப்படி ஆள் எடுக்கிற கட்டணம் எந்தப் பெயரிலும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது, முகவர் வாங்கினாலும் முதலாளியின் மனுவே நிராகரிக்கப்படலாம். விசாக் கட்டணத்தை முதல் வேலை வாரத்திலேயே முதலாளி திருப்பித் தர வேண்டும், போகிற பயணச் செலவை வேலைக்காலம் பாதி முடிந்ததும் தர வேண்டும். 14 இலட்சம் கேட்கிற இடத்தில் எச்-2பி இல்லை.

சரிபார்க்க ஒரு இலகுவான வழி. அமெரிக்கத் தொழில் திணைக்களம் சீசனல் ஜாப்ஸ் என்ற தளத்தில் எச்-2பி வேலைகளை வெளியே போடுகிறது: முதலாளி பெயர், இடம், வீதம், வார மணித்தியாலம், தொடங்கும் முடியும் திகதி எல்லாம் இருக்கும். கடிதத்தில் உள்ள கம்பனி பெயரை அங்கே தேடச் சொல்லுங்கள். நம்ம பக்கத்தில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989-க்கு எடுத்து, முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் இந்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் இரண்டையும் கேட்க வேண்டும். அனுமதிப்பத்திரம் உள்ள நிலையம் என்றாலும் அந்த நாட்டு வேலைக்கு அனுமதி வாங்காமல் காசு வாங்குவது உண்டு. கொரியா ஈபிஎஸ்-க்கு முகவரே கிடையாது, பணியகம் மட்டும்தான். அதற்கு ஒருத்தன் காசு கேட்டால் அங்கேயே எழும்பி வந்துவிடலாம்.

மஸ்கெலியா_மழை:

இடையில ஒரு கேள்வி. இங்கிலாந்து படகுகளுக்கும் ஆள் எடுக்கிறாங்களாமே, அங்க சம்பளம் கூடத்தானே?

கொத்மலைக்காரன்:

கூடத்தான், ஆனால் தோட்டத்திலிருந்து நேராகப் போகிறவருக்குக் கதவு இல்லை. ஸ்கில்ட் வேர்க்கர் (திறன் தொழிலாளர்) விசாவில் டெக் வேலை, அதாவது படகின் மேல்தள வேலை என்றால் 9 மீற்றரும் அதற்கு மேலும் உள்ள படகு, அதோடு 3 வருட முழுநேர அனுபவம் என்று ஆள் தட்டுப்பாடுள்ள வேலைகளின் பட்டியலில் போட்டார்கள். 2025 ஜூலை 22-இலிருந்து அந்த விசாவின் பொதுச் சம்பள எல்லை வருடத்துக்கு 41,700 பவுண், பட்டியலில் உள்ள வேலைகளுக்குக் கொஞ்சம் குறையும். 2026 ஜனவரி 8-இலிருந்து ஆங்கிலம் பி-2 மட்டம். வாரம் 80 மணி வேலை என்று சம்பளத்தை ஊதிக் காட்ட முடியாது, 48 மணிக்கு மேலே உள்ளதைச் சம்பள எல்லைக்குக் கணக்கெடுக்க மாட்டார்கள்.

"லாபத்தில் பங்கு" என்று மட்டும் எழுதின ஒப்பந்தம் வந்தால் தொடவே வேண்டாம். பங்கு மீனவருக்கு அந்த நாட்டுக் குறைந்தபட்ச சம்பளச் சட்டம், 1998-இல் வந்தது, பொருந்தாது. டிரான்சிட் விசாவில் (நாட்டைக் கடந்து போக மட்டும் தருகிற விசா) கூட்டிப்போய் 12 கடல் மைலுக்கு வெளியே வேலை செய்ய வைக்கிற கதையும் அங்கேதான், அதில் கரையில் இறங்கி வேலை செய்கிற உரிமையும் இல்லை, விசாவோடு வருகிற சம்பள எல்லையும் இல்லை.

லிந்துலை_வாசகி:

மாமா மகன்கிட்ட சொல்லிட்டேன், காசு இன்னும் குடுக்கல. தம்பி ஒப்பந்தத்துல தங்குமிடத் தொகை வெறுமையா இருக்கே, அதை அப்படியே விட்டு கையெழுத்து வைக்கலாமா?

அப்புத்தளை_கடிதம்:

பணியகத்தில் கையெழுத்து வைக்க முன்னம் அதிகாரியிடம் இரண்டு தாள் கேளுங்கள், தங்கச்சி: தங்குமிட விவரத் தாளும், கொரிய மொழியும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள ஒப்பந்தப் பிரதியும். விவரத் தாளில் வீடா, கொன்டேனரா, அறையில் எத்தனை பேர் என்று இருக்கும், கழிவு வீதம் அதில்தான் தங்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் தொகை வெறுமையாக இருந்தால் எவ்வளவு கழிப்பது என்று இன்னும் உடன்பாடு இல்லை என்றுதான் அர்த்தம், முதலாளி பிறகு எண்ணை நிரப்புவதற்குத் தந்த இடம் இல்லை. கையெழுத்து வைக்கிற அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தெளிவாகப் படம் பிடித்து உங்கள் வட்ஸ்அப்புக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு அவன் கையில் இருக்கிற பிரதியில் அதே பெட்டியில் எண் ஏதாவது முளைத்திருந்தால் அந்தப் படம்தான் தொழில் காரியாலயத்தில் பேசும்.